கோடியக்கரைப் புல்வெளிக்கு எது துணை: தீயா, மாட்டின் வாயா, மண்வெட்டியா?

காவிரிப் படுகையில் தீக்கு நல்ல பெயரும் உண்டு, கெட்ட பெயரும் உண்டு. அறுவடைக்குப் பின் வயலில் நிற்கும் தாளைக் கொளுத்துகிறவரை வேளாண்மை அலுவலர் கடிந்துகொள்வார். வரப்பில் மண்டிய புல்லையும் வாய்க்கால் கரையில் காய்ந்து நிற்கும் நாணலையும் கொளுத்துகிறவரை யாரும் ஒன்றும் சொல்வதில்லை. இரண்டாவது தீ, அடுத்த மழைக்குப் பச்சைத் தளிரைக் கொண்டுவரும் என்பது மாடு வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. இதே கணக்கைக் கோடியக்கரைச் சரணாலயத்தின் புல்வெளிக்கும் போட்டுப் பார்க்கலாமா என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி. ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, பிரேசில் ஆகிய இடங்களின் சவானா நிலங்களில் தீ, காட்டுயிரைக் காக்கும் கருவியாகவே கையாளப்படுகிறது. அந்தப் பாடம் நம் கடற்கரைக்கு எவ்வளவு தூரம் பொருந்தும், எந்த இடத்தில் பொருந்தாமல் போகும் என்பதைப் பிற வழிகளோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும்.

முதலில் நிலத்தைப் பற்றி. கோடியக்கரைச் சரணாலயம் 1967-ஆம் ஆண்டில் வெளிமானைக் காப்பதற்கென்றே அறிவிக்கப்பட்டது. வேதாரண்யத்தின் உப்புச் சதுப்பு, தலைஞாயிறு காப்புக்காடு, முத்துப்பேட்டை அலையாத்திக் காடு ஆகியவற்றோடு சேர்ந்து 38,500 ஹெக்டேர் பரப்பாக 2002-இல் அது ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் இடம்பெற்றது. பூநாரையும் உள்ளான்களும் வருவதால் பறவைகளின் இடமாகவே வெளியூரார் அதை அறிந்திருக்கிறார்கள். ஆயினும் சரணாலயத்தின் உயிர்நாடி இரண்டு தரை வாழிடங்களில் இருக்கிறது. ஒன்று, பாலை மரம் ஓங்கி நிற்கும் உலர் பசுமைமாறாக் காடு. சோழமண்டலக் கரையில் எஞ்சியிருக்கும் இத்தகைய காடுகளில் பெரியவற்றுள் ஒன்று இது. மற்றொன்று, காட்டுக்கும் கடலோரச் சேற்றுவெளிக்கும் இடையே விரியும் புல்வெளி. பழந்தமிழில் இரலை, புல்வாய் என்றெல்லாம் பெயர் பெற்ற வெளிமான் வாழ்வது இரண்டாவதில்.

பெயரிலேயே வெளி இருக்கிறது. ஒளிந்து பிழைக்கும் விலங்கன்று அது. தொலைவிலேயே பகையைக் கண்டு, ஓட்டத்தால் தப்பிப் பிழைக்கும் விலங்கு. இணைசேரும் காலத்தில் ஆண் மான்கள் திறந்த வெளியில் ஆளுக்கொரு திடலைப் பிடித்துக்கொண்டு நிற்கும். புதர் மண்டிய இடத்தில் அந்தத் திடல்களும் இல்லை, பெட்டை மான்கள் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பும் இல்லை. ஆகவே புல்வெளி சுருங்குவது தீவனம் குறைவதோடு முடிவதில்லை. அந்த விலங்கின் வாழ்முறையே குலைகிறது. புல்வெளியைச் சுருக்குவது சீமைக்கருவேல். மத்திய அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்த இம்மரம் 1877-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது; விறகுக்கென்று விரும்பி வரவேற்கப்பட்டு, இன்று தமிழ்நாட்டின் வறண்ட கண்மாய்களிலும் கடலோர உவர் நிலங்களிலும் யாரும் விதைக்காமலே முளைத்துக்கொண்டிருக்கிறது. கோடியக்கரையில் அதன் நெற்றைத் தின்று விதையைப் பரப்புவதில் சுற்றுக் கிராமத்து மாடுகளுக்கும், வீட்டு வளர்ப்பிலிருந்து விடுபட்டுத் தலைமுறைகளாகக் காட்டில் திரியும் மட்டக்குதிரைகளுக்கும் பங்கு உண்டு. காக்கப்பட வேண்டிய வெளிமானே அந்த நெற்றைத் தின்று விதையைக் கொண்டுபோய்ப் போடுகிறது என்பது இதில் உள்ள சங்கடம்.

இந்த நிலையில் முன்னே நிற்கும் வழிகள் நான்கு: ஒன்றும் செய்யாமல் இயற்கையிடம் விட்டுவிடுவது, தீ வைத்துப் பராமரிப்பது, மேய்ச்சலை முறைப்படுத்துவது, மரத்தைத் தூரோடு பிடுங்குவது. அதிகம் பேசவேண்டியது தீயைப் பற்றி. காரணம், அதைப் பற்றித்தான் அறிவியல் மிகுதியாகவும், நம்மிடையே புரிதல் குறைவாகவும் இருக்கிறது.

சவானா என்றால் பள்ளிப் பாடத்தில் படித்த ஆப்பிரிக்கப் புல்வெளி மட்டுமே பலருக்கு நினைவுக்கு வரும். இடையறாத புல்தரையும், அதன்மேல் சிதறி நிற்கும் மரங்களும் உள்ள நிலம் எல்லாமே சவானாதான். அந்தப் புற்கள் வெப்பத்தையும் நேரடி வெயிலையும் கேட்பவை. நிழல் விழுந்தால் நலிந்துபோகும். அப்படியானால், மழை போதுமான அளவு பெய்யும் இடங்களிலும் மரங்கள் நெருங்கி வளர்ந்து காடாகாமல் இருப்பது ஏன்? ஆப்பிரிக்காவின் எண்ணூறுக்கும் மேற்பட்ட இடங்களின் தரவுகளைத் தொகுத்து, மகேஷ் சங்கரனும் உடன் ஆய்வாளர்களும் 2005-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குத் தெளிவான விடை தந்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ 650 மில்லிமீட்டருக்குக் குறைவாக மழை பெறும் இடத்தில் மரத்தின் பரவலை மழையே கட்டுப்படுத்துகிறது. அதற்கு மேற்பட்ட மழை பெறும் இடத்தில், தீயும் மேயும் விலங்குகளும் இல்லாவிட்டால் மரங்கள் மூடிக்கொண்டுவிடும்.

தீ இதைச் செய்யும் விதம் எளிமையானது. புல்லின் வளர்முனை தரையை ஒட்டியோ தரைக்குச் சற்றுக் கீழேயோ இருக்கிறது. காய்ந்த புல்லில் ஓடும் தீ ஓரிடத்தில் நெடுநேரம் நிற்பதில்லை. சில விரற்கடை ஆழத்தில் மண் பெரிதாகச் சூடாவதும் இல்லை. ஆகவே புல் பிழைத்து, முதல் மழைக்குத் தளிர்க்கிறது. மரக்கன்றின் வளர்முனையோ தீநாக்கின் உயரத்திலேயே இருக்கிறது. கன்று கருகி, வேரிலிருந்து மறுபடி துளிர்த்து, அடுத்த தீயில் மறுபடி கருகுகிறது. சில ஆண்டுகள் தொடர்ந்து தீ வராமல் இருந்தால் மட்டுமே அது தீநாக்குக்கு மேலே தலையை உயர்த்தித் தப்புகிறது. தடித்த பட்டையும் மண்ணுக்கடியில் சேமிப்பும் உள்ள மரங்கள் இந்த விளையாட்டில் வெல்கின்றன. மெல்லிய பட்டையுள்ள காட்டு மரங்கள் தோற்கின்றன. இப்படித்தான் பல இலட்சம் ஆண்டுகளாகத் தீ, சவானாவின் உயிரினங்களைத் தேர்ந்தெடுத்து வந்திருக்கிறது. சவானாவில் தீ வருவதை விபத்து என்று சொல்வது, படுகையில் வெள்ளம் வருவதை விபத்து என்று சொல்வதைப் போன்றது.

தீயை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்குப் பிரேசில் தந்த பாடம் கடுமையானது. அந்நாட்டின் செரடோ என்னும் சவானாவில் நெடுங்காலம் தீயே கூடாது என்ற கொள்கை நிலவியது. சாவோ பாவ்லோ மாநிலத்தில் தீ தடுக்கப்பட்ட ஒரு காப்பிடத்தை ஆராய்ந்தபோது, காடு மூடிய பகுதிகளில் தாவர இனங்கள் 27 விழுக்காடும் எறும்பு இனங்கள் 35 விழுக்காடும் குறைந்திருந்தது 2017-இல் வெளிவந்தது. மரம் பெருகியது, கரிமச் சேமிப்பும் பெருகியது, ஆனால் அந்த நிலத்துக்கே உரிய உயிரினங்கள் போயின. மரம் நடுவதையே இயற்கைப் பாதுகாப்பு என்று எண்ணிப் பழகிய நமக்கு இது உறைக்க வேண்டிய செய்தி. தீ தடுக்கப்பட்ட இடங்களில் புல் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து, ஒருநாள் பற்றினால் பூங்காவின் பெரும்பகுதியையும் ஒரே மூச்சில் விழுங்கும் அனுபவமும் அங்கு உண்டு. 2014-இல் தொடங்கிய சோதனைத் திட்டங்களில், திட்டமிட்டுச் சிறிது சிறிதாகக் கொளுத்தும் முறைக்குப் பிரேசில் மாறியது. 2024-இல் அதற்கெனத் தேசியச் சட்டமே இயற்றியது.

தீ வைப்பது என்று முடிவெடுத்தாலும், எப்போது, எவ்வளவு இடைவெளியில் என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவில் 1954 முதல் ஒரே நிலத்தைத் துண்டுகளாகப் பிரித்து, சிலவற்றை ஆண்டுதோறும், சிலவற்றை இரண்டு அல்லது மூன்று ஆண்டுக்கொருமுறை, வெவ்வேறு பருவங்களில் கொளுத்தியும், சிலவற்றைக் கொளுத்தாமலே விட்டும் பார்த்துவருகிறார்கள். பூங்கா முழுவதையும் மூன்றாண்டுக்கொருமுறை கணக்குத் தவறாமல் கொளுத்தும் முறையும் அங்கே முன்பு இருந்தது. எல்லா இடத்தையும் ஒரே தாளத்தில் கொளுத்தினால் எல்லா இடமும் ஒரே மாதிரி ஆகிவிடும் என்பதை உணர்ந்து பின்னர் அதைக் கைவிட்டார்கள். வட ஆஸ்திரேலியாவின் ஆர்னம் லாந்தில் பழங்குடி மக்கள், கோடையின் தொடக்கத்தில், புல் இன்னும் முழுவதும் காயாத நிலையில் சிறு சிறு திட்டுகளாகத் தீ வைக்கும் தங்கள் மரபை 2006 முதல் பெரிய அளவில் மீண்டும் நடத்திவருகிறார்கள். ஈரம் மிச்சமிருப்பதால் அந்தத் தீ மெதுவாக ஊர்ந்து, இரவுப் பனியில் தானே அணைகிறது. கோடைக் கடைசியில் வரும் ஊழித்தீக்கு எரிபொருள் இல்லாமல் போகிறது.

நம் பக்கத்திலும் சான்று உண்டு. கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் வாழும் பழங்குடியினரான சோளகர்கள் கோடைத் தொடக்கத்தில் சருகை மட்டும் எரிக்கும் சிறு தீயைக் கையாண்டு வந்தார்கள். 1974-இல் அம்மலை சரணாலயமான பிறகு அது தடுக்கப்பட்டது. பின்வந்த ஆண்டுகளில் உன்னிச்செடி அங்கே காடெங்கும் மண்டியதற்குத் தீ நின்றதும் ஒரு காரணம் என்று சோளகர்கள் சொல்கிறார்கள். அவர்களோடு பணியாற்றிய ஆய்வாளர்களும் இந்தக் கருத்தைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

இவ்வளவையும் படித்துவிட்டுத் தீப்பெட்டியோடு கோடியக்கரைக்குப் புறப்பட்டுவிட முடியாது. மழைக் கணக்கில் அது தீயை வேண்டும் நிலம்போலத் தோன்றலாம். வடகிழக்குப் பருவமழையின் தயவால் ஆண்டுக்கு ஆயிரம் மில்லிமீட்டருக்கு மேலேயே மழை பெறுகிறது. ஆனால் அந்தப் புல்வெளியைத் திறந்து வைத்திருப்பது மழையும் தீயும் மட்டுமல்ல. மண்ணின் உவரும், மார்கழி வரை தேங்கும் நீரும், மணலும், கடற்காற்றும் அதில் பங்கு கொள்கின்றன. உவர் கூடிய இடங்களில் வளர்வது உப்பறுகு போன்ற, கணுக்காலுக்கு மேல் உயராத புல். குரூகரிலும் செரடோவிலும் எரிவது முழங்காலையும் இடுப்பையும் தொடும் புல். கணுக்கால் உயரப் புல்லை மானும் மாடும் குதிரையும் மேய்ந்துவிட்ட பிறகு, தீ ஓடுவதற்குப் பாதையே இருப்பதில்லை.

அதைவிடப் பெரிய தடை சீமைக்கருவேலே. அடர்ந்து நிற்கும் கருவேலின் அடியில் புல் இல்லை. வெறுந்தரையும் சிற்றிலைச் சருகும்தான். புல் இல்லாத இடத்துக்குத் தீ போகாது. அதாவது, தீயின் உதவி எங்கே மிகவும் தேவையோ அங்கே அது நுழையவே முடியாது. ஓரங்களில் பற்றினாலும், முதிர்ந்த மரம் மேலே கருகிக் கீழே பிழைத்துக்கொள்ளும். தரைக்கடியில் உள்ள தூரிலிருந்து தழைத்து, ஒற்றைத் தண்டாக நின்றது பல கிளைப் புதராக மாறும். வெட்டிவிட்ட கருவையும் அப்படித்தான் தழைக்கிறது என்பதைக் கரிமூட்டம் போடுகிறவர்கள் நம்மைவிட நன்றாக அறிவார்கள். அவர்களுடைய தொழிலே அந்தத் தழைப்பை நம்பி நடக்கிறது. தீயால் கொல்லக்கூடியது ஓரிரு ஆண்டு வயதுள்ள கன்றுகளைத்தான். ஆகவே இங்கே தீ, திறந்திருக்கும் வெளியைத் திறந்தே வைத்திருக்க உதவலாம். மூடிய வெளியைத் திறக்காது.

மூன்றாவது தடை பாலை மரக்காடு. சவானா மரங்களைப் போல அது தீயோடு பழகி வளர்ந்த காடன்று. அதன் மரங்கள் மெதுவாக வளர்பவை. ஒருமுறை ஓரம் கருகினால் அந்த இடத்தைச் சீமைக்கருவேல் பிடித்துக்கொள்ளும் வாய்ப்பே அதிகம். 2018 நவம்பர் 16 அன்று நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயலில் இக்காட்டில் மரங்கள் பெருமளவில் சாய்ந்தன; மான்களும் மடிந்தன. புயலால் அடிபட்ட ஒரு காட்டின் ஓரத்தில் தீயை வைத்துவிட்டு, மாலைக் கடற்காற்று திசை மாறாது என்று நம்புவது அறிவுடைமை ஆகாது. புல்வெளியும் காடும் பல இடங்களில் கைகோத்துக் கிடக்கும் சிறிய சரணாலயத்தில், தவறுக்கு இடம் கொடுக்கும் பரப்பு இல்லை. குரூகர் ஏறத்தாழ 20,000 சதுர கிலோமீட்டர். அங்கே ஒரு தீ கைமீறினால் பூங்காவின் ஒரு மூலை போகும்.

இன்னொன்று சட்டம். 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு, சரணாலயத்துக்கு ஆபத்து விளையும்படி தீ மூட்டுவதைத் தடை செய்கிறது. மேலாண்மைக்காகத் தீ வைப்பது அறவே முடியாதது என்று இதற்குப் பொருளில்லை. இரவிகுளத்தில் வரையாடுகளுக்காகவும், காசிரங்காவில் காண்டாமிருகங்களுக்காகவும் வனத்துறையே புல்லைக் கொளுத்திவருகிறது. ஆனால் அங்கே அந்த வேலையில் கைதேர்ந்த தலைமுறைகள் இருக்கின்றன. தமிழ்நாட்டிலோ 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் மலையேற்றத்துக்குச் சென்றவர்களைப் புல்தீ சூழ்ந்து பலர் இறந்ததன் நினைவு இன்னும் ஆறவில்லை. தீயைப் பற்றிய அச்சம் பகுத்தறிவற்றது என்று ஒதுக்கிவிட்டு எந்தத் திட்டமும் இங்கே நடைபெறாது.

மேய்ச்சலுக்கு வருவோம். தீயும் மேய்ச்சலும் ஒன்றுக்கொன்று மாற்றாக நிற்கக்கூடியவை என்பதைக் கிழக்கு ஆப்பிரிக்காவின் செரங்கெட்டிப் புல்வெளி காட்டியது. வெக்கை நோயால் பெருமளவில் மடிந்துகொண்டிருந்த வில்டிபீஸ்ட் என்னும் மானினம், கால்நடைகளுக்குத் தடுப்பூசி போட்டு அந்நோய் 1960-களில் கட்டுக்குள் வந்ததும், சுமார் இரண்டரை இலட்சத்திலிருந்து 1970-களின் இறுதிக்குள் பத்து இலட்சத்துக்கும் மேலாகப் பெருகியது. அத்தனை வாய்கள் புல்லைத் தின்றதால் எரிவதற்குப் புல் குறைந்தது; எரியும் பரப்பு சுருங்கியது; மரங்கள் தலையெடுத்தன. மாட்டின் நோய் ஒன்று ஒரு நாட்டின் தீயை ஆண்டுகொண்டிருந்தது என்பது, கிட்டித் தடியோடு கால்நடை மருத்துவமனை வாசலில் மாட்டைப் பிடித்து நின்ற எவருக்கும் வியப்பைத் தரும்.

நம் நாட்டில் மேய்ச்சலை ஒரே நாளில் நிறுத்திய கதை ராஜஸ்தானின் பரத்பூருடையது. கேவலாதேவ் பறவைகள் பூங்காவில் 1982-இல் எருமை மேய்ச்சல் தடை செய்யப்பட்டது. எதிர்த்த கிராமத்தாரோடு மோதல் ஏற்பட்டு உயிர்கள் போயின. அதன்பின் நீர்ப்புல் மண்டி, நீர்நிலைகளை அடைத்தது. எருமைகள் அந்தப் புல்லைக் கட்டுக்குள் வைத்திருந்தன என்பது, மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தின் நெடிய ஆய்வுக்குப் பிறகு தெளிவானது. கோடியக்கரையில் பறவைகளுக்கு வளையமிடும் பணியைப் பல ஆண்டுகளாகச் செய்துவரும் நிறுவனமும் அதுவே என்பதால், அந்தப் பாடம் இங்கே தெரியாத ஒன்றாக இருக்க முடியாது.

நாகை, திருவாரூர்க் கடலோரத்துக்கென்றே ஒரு மாட்டினம் உண்டு: உம்பளச்சேரி. தலைஞாயிற்றுப் பக்கத்து உவர் நிலங்களில் உப்பறுகை மேய்ந்து, சேற்று வயலில் அசராமல் உழும் அந்தத் தெற்கத்தி மாடு, இந்தப் புல்லோடு சேர்ந்தே உருவானது. கோடையில் இராமநாதபுரத்துப் பக்கமிருந்து கீதாரிகள் ஆடுகளை ஓட்டிவந்து படுகையின் வயல்களில் கிடை போடுவதும் இன்றுவரை நடக்கும் வழக்கம். எந்த வயலில் எத்தனை இரவு என்று பேசி, அதற்கேற்பப் பட்டியை நகர்த்தி வைக்கும் அந்த ஒழுங்கு, நவீன மேய்ச்சல் மேலாண்மை நூல்கள் சொல்லும் சுழற்சி மேய்ச்சலுக்கு எவ்விதத்திலும் குறைந்ததன்று. ஆகவே மேய்ச்சலை நடத்தத் தெரிந்தவர்களுக்கு இங்கே பஞ்சமில்லை. தீயை நடத்தத் தெரிந்தவர்களுக்குத்தான் பஞ்சம்.

ஆனால் மாடு இருமுனைக் கத்தி. சீமைக்கருவேலின் இனிப்பு நெற்றை அது விரும்பித் தின்னும். விதை செரிக்காமல் சாணத்தோடு விழுந்து, எருவும் ஈரமும் கூடிய மெத்தையில் முளைக்கும். நெற்று உதிரும் காலத்தில் ஊர்க் கருவைக்காட்டில் மேய்ந்த மாட்டை மறுநாளே சரணாலயப் புல்வெளியில் விடுவது, விதைப்புக்கு ஆளனுப்புவதற்குச் சமம். இதற்குத் தீர்வு கடினமில்லை: புல்வெளிக்குள் விடும் முன் ஒரு வாரம் மாட்டைக் கட்டுத்துறையில் கட்டி, வைக்கோல் மட்டும் போட்டால், வயிற்றில் உள்ள விதைகள் பெரும்பாலும் வெளியேறிவிடும். ஆனால் அந்த ஒரு வார வைக்கோலுக்கு யார் பணம் கொடுப்பது என்பதற்கும் திட்டத்தில் விடை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது தாளில் மட்டுமே நிற்கும். மானோடு தீவனத்துக்குப் போட்டியிடாத எண்ணிக்கையும், மாட்டிலிருந்து மானுக்கு நோய் தொற்றாதபடி தடுப்பூசியும் அதற்கு அடுத்த நிபந்தனைகள். மட்டக்குதிரைகளின் கணக்கு வேறு. அவற்றுக்கு உரிமையாளர் இல்லை, கட்டுத்துறை இல்லை. நெற்றையும் தின்று, மானின் புல்லையும் தின்று, ஆண்டு முழுவதும் உள்ளேயே இருக்கின்றன. சுற்றுலா வருகிறவர்கள் அவற்றைப் படமெடுத்து மகிழ்கிறார்கள். அவற்றின் எண்ணிக்கையைக் குறைக்காமல் வேறு எந்த வழியும் முழுப் பலன் தராது என்பது என் கணிப்பு. பலருக்கு இது கசக்கும்.

ஒன்றும் செய்யாமல் விடுவது என்ற வழிக்குச் செலவில்லை, பழியில்லை. அதனாலேயே அது எப்போதும் வெல்லும் அபாயம் இருக்கிறது. சென்னையின் கிண்டி தேசியப் பூங்காவில் நிழலுக்கும் புதருக்கும் பழகிய புள்ளிமான் செழிக்க, திறந்தவெளி குறையக் குறைய வெளிமான் அருகிப்போனதைப் பார்த்தும் அந்த வழியைப் பரிந்துரைக்க என்னால் முடியவில்லை. மரம் மூடுவதைத் தானே நிறுத்திக்கொள்ளும் இயற்கை இங்கே இல்லை. முன்பு இருந்த இயற்கையில் சீமைக்கருவேலும் இல்லை.

எஞ்சுவது மண்வெட்டியும் பொக்லைனும். சீமைக்கருவேலைப் பொறுத்தவரை இதுதான் நேரடி வழி. தமிழ்நாடு அரசு 2022-இல் வெளியிட்ட அயல் ஊடுருவு தாவரக் கொள்கையும் அகற்றி மீட்டெடுப்பதையே முன்வைக்கிறது. தரைமட்டத்தில் வெட்டுவது வீண்வேலை. தூரின் கழுத்து, தரைக்குக் கீழே ஏறத்தாழ ஓரடி வரை, வெளியே வந்தாக வேண்டும். பெரிய மரத்துக்குப் பொக்லைன் இல்லாமல் முடியாது. ஆனால் அந்த இயந்திரத்தின் சங்கிலித் தடம் புல்வேரை நசுக்குகிறது. தோண்டிய குழியில் உவர்நீர் தேங்குகிறது. கிளறிவிட்ட மண்ணில் பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்த கருவேல் விதைகளே முதலில் முளைக்கின்றன. ஒப்பந்தக்காரர் மரத்தை ஏற்றிக்கொண்டு போனதோடு கணக்கை முடித்தால், மூன்றாம் ஆண்டில் முன்னிலும் அடர்ந்த கருவைக்காடு நிற்கும். படுகையில் ஏரி, வாய்க்கால் கரைகளில் இதை நாம் பலமுறை பார்த்தாயிற்று. பிடுங்குவதற்கு ஆகும் செலவைவிட, பிடுங்கியபின் தொடர்ந்து பார்த்துக்கொள்வதற்கு ஆகும் செலவைத்தான் திட்டத்தில் முதலில் எழுத வேண்டும்.

ஆகவே இந்நான்கையும் ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்தி, வென்றது எது என்று கேட்பதைவிட, எதற்குப் பின் எது என்று வரிசைப்படுத்துவதே பொருத்தம் என்று நினைக்கிறேன். மூடிய இடத்தைத் திறக்கும் ஆற்றல் தூரோடு பிடுங்குவதற்கு மட்டுமே உண்டு. எனவே முதல் வேலை அது. புல்வெளியின் நடுவில் சிதறி நிற்கும் மரங்களில் தொடங்கி, விளிம்பை நோக்கி நகர வேண்டும். அடர்ந்த காட்டில் தொடங்கினால், அதை முடிப்பதற்குள் திறந்த வெளியும் பறிபோய்விடும். திறந்த இடத்தில் கன்று மறுபடி தலையெடுக்காமல் பார்த்துக்கொள்வது அடுத்த வேலை. அதற்கு மிகவும் ஏற்றது தை மாதம்: பருவமழை நின்றிருக்கும், மண்ணில் ஈரம் இருக்கும், ஒரு சாண் கன்று வேரோடு கையோடு வரும். கோடியக்காடு, கோடியக்கரை ஊர்களின் பெண்களுக்கு நாற்றுப் பறிப்பும் களையெடுப்பும் கைவந்த வேலை. இதற்குப் புதிதாகப் பயிற்சி எதுவும் தேவையில்லை, நாள்கூலியும் தொடர்ந்து ஆறேழு ஆண்டுகளுக்கு நிதி உறுதியும்தான் தேவை. மேய்ச்சல், மேற்சொன்ன நிபந்தனைகளோடு, உவர் குறைந்து புல் உயரமாக வளரும் பகுதிகளில் துணை நிற்கலாம்.

தீயை நான் ஒதுக்கிவிடவில்லை. பாலை மரக்காட்டிலிருந்து விலகி, ஒரு பக்கம் சேற்றுவெளியும் மறுபக்கம் சாலையோ உப்பளக் கரையோ அரணாக நிற்கும் சில சிறு துண்டுகளில், மாசி மாதம் புல் அரைகுறையாகக் காய்ந்திருக்கும்போது, ஆள்காட்டியும் வானம்பாடியும் தரையில் முட்டையிடத் தொடங்கும் முன், காற்று தணிந்த அதிகாலையில் அதைச் சோதித்துப் பார்க்கலாம். பக்கத்திலேயே கொளுத்தாத துண்டு ஒன்றும், கையால் கன்று பிடுங்கிய துண்டு ஒன்றும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எது என்ன செய்தது என்று தெரியாது. எண்ண வேண்டியவை மூன்று: எத்தனை கருவேல் கன்று செத்தது, எத்தனை மறுபடி துளிர்த்தது, மான் எந்தத் துண்டில் மேய வந்தது. மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியின் ஆய்வாளர்கள் இந்தச் சரணாலயத்தை ஏற்கெனவே நன்கு அறிந்தவர்கள். இத்தகைய சோதனைக்கு வெளிநாட்டு வல்லுநரைத் தேடிப் போக வேண்டியதில்லை.

இந்த ஒப்பீட்டில் அடங்காத ஒன்றும் இருக்கிறது. வளவனாறும் முள்ளியாறும் கொண்டுவந்து சேர்க்கும் காவிரியின் கடைசிச் சொட்டு நன்னீர்தான் இச்சதுப்பின் உவரைக் கட்டுக்குள் வைக்கிறது. அது குறைந்தால் உவர் ஏறும். உவர் ஏறினால் புல் மாறும். சீமைக்கருவேலோ உவருக்கு அஞ்சுவதில்லை. மேட்டூர் திறப்பு நாளில் குறுவைக்கு எத்தனை கனஅடி என்று கணக்குப் போடும் கூட்டங்களில், கடைமடைக்கும் கீழே உள்ள இந்தப் புல்வெளியின் பங்கைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தீக்கும் மாட்டுக்கும் மண்வெட்டிக்கும் ஆணை பிறப்பிக்கும் அதிகாரம் வனத்துறையிடம் இருக்கிறது. இந்தத் தண்ணீருக்கான மதகு நீர்வளத் துறையின் கையில் இருக்கிறது.